லோத்தானின் சகோதரி திம்னாள்: வம்சப் பட்டியல்களின் சின்னப் பெயர்கள்

மனாசே என்ற யூதா ராஜா எருசலேமில் 55 வருஷம் ஆண்டவன். வேதத்தில் அவனுக்கு நல்ல பெயர் இல்லை. ரபிமார் என்னும் யூத வேத ஆசிரியர்களின் பழைய விளக்கத் தொகுப்பு தல்மூது. அதன் சன்கெத்ரின் பகுதி அவன்மேல் இன்னொரு குற்றத்தையும் சேர்க்கிறது: உட்கார்ந்துகொண்டு வேதத்தைக் கேலி பேசுவானாம். ‘லோத்தானின் சகோதரி திம்னாள்’ என்று எழுதுவதைத் தவிர மோசேக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பானாம்.

கேலியை ஒதுக்கிவிட்டால் கேள்வி நம்முடையதுதான். எங்கள் வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். நாளாகமம் வந்துவிட்டால் பிள்ளைகள் முகம் தொங்கிப்போகும். முதல் புத்தகத்தில் முதல் ஒன்பது அதிகாரமும் பெயர்கள். “ஆதாம், சேத், ஏனோஸ்” என்று ஆரம்பித்து மூச்சு விட இடம் கொடுக்காமல் ஓடும். பாட்டி ஒரு பெயரையும் விட விடமாட்டார். நாக்கு இடறினால் எழுத்துக் கூட்டி மறுபடி வாசிக்கச் சொல்வார். எதற்கு பாட்டி என்றால், “எழுதி வச்சிருக்காங்கல்ல, ஆள் இருந்திருக்கு” என்பார். அப்போது அது எனக்குப் பதிலாகவே தெரியவில்லை. இப்போது அந்தப் பட்டியல்களைத் தேடிப் போய் வாசிக்கிறேன்.

திம்னாளுக்கு ரபிமார்கள் சொன்ன பதிலைப் பாருங்கள். லோத்தான் ஏதோம் பகுதியின் பிரபு. அப்படியானால் அவன் சகோதரி பெரிய இடத்துப் பெண். அவள் இஸ்ரவேலின் தேவனை வணங்க விரும்பி ஆபிரகாமிடம் போனாள், ஈசாக்கிடம் போனாள், யாக்கோபிடம் போனாள். மூவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. வேறொரு ஜாதியில் சீமாட்டியாக இருப்பதைவிட இந்த ஜாதியில் வேலைக்காரியாக இருந்தாலும் போதும் என்று ஏசாவின் மகன் எலிப்பாசுக்கு மறுமனையாட்டியானாள். அவள் பெற்ற பிள்ளை அமலேக்கு. இஸ்ரவேலைத் தலைமுறை தலைமுறையாக வதைத்த அமலேக்கு. ஏன் அப்படி நடந்தது? அவளைத் தள்ளியிருக்கக் கூடாது, அதனால்தான் என்று தல்மூது முடிக்கிறது. தங்கள் முற்பிதாக்கள் மூவர்மேலும் குற்றம் சொல்ல அந்த ஆசிரியர்களுக்குக் கிடைத்த ஆதாரம் ஆதியாகமம் 36-ஆம் அதிகாரத்தின் அரை வசனம் மட்டுமே.

இது வரலாறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாசிக்கிற முறை சரி. பட்டியல் என்பது சிக்கனமான எழுத்து. இவன் இவனைப் பெற்றான், அவன் அவனைப் பெற்றான் என்று ஓடுகிற எழுத்து. அது ஓட்டத்தை நிறுத்தி ஒரு சகோதரியையோ, ஒரு வேலைக்காரனையோ, கழுதை மேய்க்கப் போன இடத்தில் வனாந்தரத்தில் எதையோ கண்டுபிடித்த ஒரு ஆனாகையோ சொல்கிறது என்றால், அந்த இடத்தில் நாமும் நிற்க வேண்டும். (ஆனாகு கண்டது என்ன என்பது இன்றுவரை வழக்கு. அந்த எபிரேயச் சொல் வேதத்தில் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. கோவேறு கழுதை என்பது ஒரு கட்சி, வெந்நீர் ஊற்று என்பது பழைய இலத்தீன் வேத மொழிபெயர்ப்பான வுல்காத்தாவின் கட்சி. அது எதுவாக இருந்தாலும், அவன் பெயரைக் கேட்டதும் ‘அவன்தானே அதைக் கண்டவன்’ என்று சொல்கிற ஊர் ஒன்று அன்றைக்கு இருந்திருக்கிறது.)

திம்னா என்ற பெயர் போகிற வழியும் விசித்திரமானது. ஆதியாகமம் 36-இலேயே அவள் ஓரிடத்தில் எலிப்பாசின் மறுமனையாட்டி, இன்னோரிடத்தில் லோத்தானின் சகோதரி. அதே அதிகாரத்தின் கடைசியில் திம்னா ஒரு ஏதோமியப் பிரபுவின் பெயர். 1 நாளாகமம் 1-க்கு வந்தால் எலிப்பாசின் குமாரர் வரிசையில் திம்னாவும் நிற்கிறது. எழுதினவர் கை தவறியது என்று தாண்டிப் போகலாம். பட்டியல்களோடு கொஞ்சம் பழகினவர்களுக்கு இதில் வேறொன்று தெரியும். அங்கே பெயர் என்பது ஒரே நேரத்தில் ஆளாகவும் குலமாகவும் நிலமாகவும் இருக்கும். ‘மகன்’ என்றால் பெற்ற மகனாகவும் இருக்கலாம், அந்தக் குலத்துக்குள் வந்து சேர்ந்த ஊராகவும் இருக்கலாம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் வம்சாவளியும் பட்டாவும் ஒரே தாளில் எழுதியிருக்கிறது.

இதற்கு மண்ணிலிருந்தே ஒரு சாட்சி கிடைத்தது.

எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில் ஐந்து பெண்கள் மோசேயின் முன்னால் வந்து நிற்கிறார்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மனாசே கோத்திரத்தைச் சேர்ந்த எப்பேரின் மகன் செலொப்பியாத்தின் பெண்கள். அப்பா வனாந்தரத்தில் இறந்துவிட்டார், ஆண்பிள்ளை இல்லை. கானானில் நிலம் பங்கு பிரிக்கிறபோது மகன் இல்லாத வீட்டுக்குப் பங்கு கிடையாது. ஆசரிப்புக் கூடார வாசலில், ஆசாரியனும் பிரபுக்களும் சபையார் எல்லோரும் கூடியிருக்கிற இடத்தில், அந்தப் பெண்கள் கேட்கிறார்கள்: எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் வம்சத்தில் இல்லாமல் அற்றுப்போகலாமா? எங்களுக்குக் காணி கொடுங்கள். மோசேக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்று தீர்ப்பு வருகிறது. மகன் இல்லாதவனுடைய சொத்து மகளுக்கு என்று அன்றைக்கே சட்டமும் ஆகிறது. 36-ஆம் அதிகாரத்தில் அதே கோத்திரத்துப் பெரியவர்கள் வந்து, இவர்கள் வேறு கோத்திரத்தில் கல்யாணம் பண்ணினால் நிலம் கைமாறிப்போகுமே என்று முறையிட, சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கட்ட வேண்டும் என்று நிபந்தனை விழுகிறது. கொடுத்த கையே கொஞ்சம் பிடித்துக்கொண்டது. எனக்கு அது வருத்தம்தான். ஆனாலும் தீர்ப்பு நின்றது. யோசுவா 17-இல் மனாசேயின் நிலம் பத்துப் பங்காகப் பிரிகிறது. அபியேசேர், ஏலேக்கு, அஸ்ரியேல், செகேம், செமீதா என்று ஆண்களின் பெயரில் ஐந்து பங்கு. எப்பேரின் பங்கு இருக்க வேண்டிய இடத்தில் அவனுடைய பேத்திமார் ஐவருக்கும் ஐந்து பங்கு.

1910-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சார்பில் ஜார்ஜ் ரைஸ்னர் குழு சமாரியாவின் பழைய ராஜாக்களின் அரண்மனை மேட்டைத் தோண்டியது. அங்கே உடைந்த பானை ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. அவற்றில் மையால் எழுத்து. அறுபதுக்கும் மேற்பட்டவற்றை வாசிக்க முடிந்தது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தவை. ஓட்டைக் கையில் எடுத்து வாசித்தால் எல்லாம் குமாஸ்தா எழுத்து: பத்தாம் ஆண்டில், இன்ன இடத்திலிருந்து, இன்னாருக்கு, பழைய திராட்சரசம் ஒரு ஜாடி. அல்லது சுத்தம் செய்த எண்ணெய் ஒரு ஜாடி. அரண்மனைக்குச் சரக்கு வந்த கணக்கு.

அந்த ‘இன்ன இடத்திலிருந்து’ என்ற இடத்தில் வருகிற வட்டாரப் பெயர்கள் ஏழு. அபியேசேர், ஏலேக்கு, அஸ்ரியேல், செகேம், செமீதா. பிறகு, நோவா, ஒக்லா. எப்பேர் இல்லை. தாத்தாவின் பெயர் கணக்கில் இல்லை, பேத்திகள் இருவரின் பெயரில் ஊர் இருக்கிறது, அந்த ஊரிலிருந்து ரசமும் எண்ணெயும் வருகிறது. யோசுவாவின் பட்டியல் எப்படிச் சொன்னதோ அப்படியே. இன்று அந்த ஓடுகள் இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. பேழை கட்டின நோவாவின் பெயரையும் இந்தப் பெண்ணின் பெயரையும் எபிரேயம் வெவ்வேறு மெய்யெழுத்தால் எழுதும். ஆங்கிலத்தில் அந்த வித்தியாசம் கரைந்து, இரண்டும் ஒரே பெயராகிவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பெண் பெயரில் ஒரு ‘ள்’ வைத்தார்கள். நோவாள் என்றதும் பெண் என்று தெரிந்துவிடும். ஒரு மெய்யெழுத்துதான். ஆனால் நீளமான ஆண் பெயர் வரிசைக்கு நடுவில் அந்த ‘ள்’ கண்ணில் பட்டதும் வாசிப்பு தானாக நிற்கிறது.

மற்றவர்களில் திர்சாளின் பெயரும் ஒரு ஊர். சமாரியா மலையை உம்ரி ராஜா இரண்டு தாலந்து வெள்ளிக்கு விலைக்கு வாங்கும்வரை வட ராஜ்யத்தின் தலைநகரம் திர்சாதான். உன்னதப்பாட்டில் காதலன் தன் பிரியமானவளின் அழகுக்குத் திர்சாவை ஒரு பக்கமும் எருசலேமை ஒரு பக்கமும் வைத்து உவமை சொல்கிறான்.

அப்படியானால் ஐந்து பெண்கள் என்பதே கற்பனையா, வட்டாரங்களின் பெயருக்குப் பின்னாளில் உயிர் கொடுத்து ஆளாக்கிவிட்டார்களா? பல ஆய்வாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அப்படியே வைத்துக்கொண்டாலும், மற்ற வட்டாரங்கள் எல்லாம் மகன்களாக இருக்க, இவற்றை மட்டும் யாரோ மகள்களாக ஆக்கினார்கள். ஆக்கி, சபைக்கு நடுவில் நிற்க வைத்து வாயில் ஒரு வழக்கையும் கொடுத்தார்கள். அந்த வழக்கில் அவர்களை ஜெயிக்கவும் வைத்தார்கள். மகன் இல்லாத வீட்டின் பெண்கள் எப்போதோ எங்கோ நிலத்துக்காக நிற்காமல் இந்தக் கதை பிறந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பட்டியலில் நிலத்தோடு பேசப்படுகிற இன்னொரு பெண் எப்பிராயீமின் மகள் சேராள். 1 நாளாகமம் 7-இல் எப்பிராயீமின் பிள்ளைகள் இருவரைக் காத்தூரார் கொன்றுபோடுகிறார்கள், மாடு பிடிக்கப் போன தகராறு. தகப்பன் அநேக நாள் துக்கம் கொண்டாடுகிறான். அதற்கடுத்து, மகள் சேராள் கீழ் பெத்தொரோனையும் மேல் பெத்தொரோனையும், தன் பெயரிலேயே ஊசேன்சேராவையும் கட்டினாள் என்று ஒரே வசனம். ஊர் கட்டினவள் என்று வேதம் சொல்கிற பெண் இவள் ஒருத்திதான். பெத்தொரோன் சின்ன இடமும் அல்ல. கடற்கரைச் சமவெளியிலிருந்து எருசலேம் மலைக்கு ஏறுகிற பாதையின் அடிவாரமும் உச்சியும் அவை. யோசுவாவின் காலத்தில் கல்மழை விழுந்த இறக்கம் அதுதான். கி.பி. 66-இல் ரோம ஆளுநர் செஸ்தியுஸ் காலுஸின் படை யூதர்களிடம் சிதறி ஓடியதும் அங்கேதான். அந்தப் பாதையின் சாவி யார் கட்டினது என்றால், ஒரு பெண்ணின் பெயர். எப்பிராயீம் எகிப்தில் பிறந்து வளர்ந்தவன், அவன் மகள் கானானில் எப்படி ஊர் கட்டினாள் என்ற கேள்விக்கு நாளாகமம் விளக்கம் சொல்வதில்லை. யாத்திராகமத்தின் கதையோடு பொருந்தாத ஒரு பழைய நினைவு இந்தப் பட்டியலுக்குள் ஒதுங்கிப் பிழைத்திருக்கிறது என்று தோன்றுகிறது.

நாளாகமத்தை எழுதினவர் எந்தக் காலத்தில் உட்கார்ந்து எழுதினார் என்பது இங்கே முக்கியம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டு என்பது பெரும்பாலோர் கருத்து. பாபிலோன் சிறையிருப்பு முடிந்து திரும்பி வந்தவர்களின் சந்ததி, பெர்சியப் பேரரசின் ஓரத்தில் யூதா ஒரு சிறிய மாகாணம். ராஜா இல்லை. யார் நம்மவர், யார் இல்லை என்பதுதான் தெருவெல்லாம் பேச்சு. எஸ்றாவின் கடைசி இரண்டு அதிகாரங்களில், அந்நிய ஜாதிப் பெண்களைக் கட்டினவர்கள் மனைவிகளைத் தள்ளிவிடச் சொல்லி மழையில் நனைந்தபடி கூட்டம் நடக்கிறது.

அந்தப் பின்னணியில் 1 நாளாகமம் 2-ஐ வாசியுங்கள். யூதா கோத்திரம். தாவீதின் கோத்திரம். அதன் நடுவில் சேசான் என்று ஒருவன், அவனுக்குப் பெண்பிள்ளைகள்தான், ஆண்பிள்ளை இல்லை. அவனிடம் யர்கா என்று ஒரு வேலைக்காரன். எகிப்தியன். சேசான் தன் மகளை அவனுக்குக் கட்டிக்கொடுக்கிறான். அவள் அத்தாயைப் பெறுகிறாள். அதற்குப் பிறகு பட்டியல் ஒரே கோடாக நேராக ஓடுகிறது: அத்தாய், நாத்தான், சாபாத் என்று பதின்மூன்று தலைமுறை, எலிஷாமாவில் போய் நிற்கிறது. யூதா கோத்திரத்தின் பல கிளைகள் மூன்று நான்கு பெயரோடு ஒடிந்துபோகிற அதே அதிகாரத்தில், எகிப்து தேசத்து வேலைக்காரனின் கிளைக்குப் பதின்மூன்று பெயர். அந்தப் பெண்ணுக்குத்தான் பெயர் இல்லை.

யர்கா தனி ஆளும் அல்ல. அந்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே யூதாவின் மனைவி கானானியப் பெண் என்று எழுதியிருக்கிறது. தாவீதின் சகோதரி அபிகாயில் பெற்ற அமாசாவின் தகப்பன் இஸ்மவேலன் என்று எழுதியிருக்கிறது. சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தின் எபிரேய மூலம் அதே ஆளை இஸ்ரவேலன் என்கிறது. 4-ஆம் அதிகாரத்தில் பார்வோன் குமாரத்தி பித்தியாள், யூதாவைச் சேர்ந்த மேரேத்தின் மனைவியாக வருகிறாள். அவள் பெயரைப் பிரித்தால் ‘கர்த்தரின் மகள்’ என்று வரும். மோசேயை ஆற்றிலிருந்து எடுத்தவள் இவள்தான் என்று ரபிமார்கள் பிடித்துக்கொண்டார்கள். எஸ்றாவின் கூட்டத்துக்கு நாளாகமக்காரர் வெளிப்படையாகப் பதில் எழுதவில்லை. ஆனால் ராஜ கோத்திரத்தின் கணக்கில் கானானியரையும் எகிப்தியரையும் இஸ்மவேலரையும் அவர் மறைக்கவும் இல்லை. அதை நான் பதிலாகத்தான் வாசிக்கிறேன்.

தொழிலாளர்களுக்கும் இதே அதிகாரங்களில் இடம் உண்டு. 4-ஆம் அதிகாரத்தில் மெல்லிய புடவை நெய்த குடும்பங்கள், நெத்தாயீமிலும் கெதேராவிலும் குடியிருந்து ராஜாவின் வேலையைச் செய்த குயவர். யூதா முழுவதும் தோண்டத் தோண்ட ‘ராஜாவுக்குரியது’ என்று முத்திரை குத்தின ஜாடிக் கைப்பிடிகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. எசேக்கியா காலத்தவை. இந்தக் குயவர்தான் அவற்றை வனைந்தார்கள் என்று நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்தக் களிமண்ணில் அழுந்தியிருக்கிற விரல் தடத்தைப் படத்தில் பார்க்கிறபோது அந்த வசனம்தான் நினைவுக்கு வருகிறது.

பட்டியலுக்குக் கொடூரமான முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. எஸ்றா 2-இல் பாபிலோனிலிருந்து திரும்பினவர்கள் எண்ணப்படுகிறார்கள், மொத்தம் 42,360 பேர். அதில் 652 பேருக்குத் தாங்கள் இஸ்ரவேலர்தான் என்று காட்ட முடியவில்லை. ஆசாரியரில் மூன்று குடும்பங்கள் வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடுகின்றன, கிடைக்கவில்லை. அபாயாவின் வீட்டார், கோசின் வீட்டார், பர்சிலாயின் வீட்டார். பர்சிலாய் வீட்டுக்காரன் ஆசாரியன்தான், ஆனால் பெண் எடுத்த வீட்டின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டான். அந்தப் பெயரே இப்போது அவன் சந்ததிக்கு வினையாகிவிட்டது. மூன்று குடும்பத்தையும் ஆசாரிய ஊழியத்திலிருந்து தள்ளிவைக்கிறார்கள். கர்த்தரின் சித்தத்தைக் கேட்டறிகிற ஊரீம் தும்மீம் உள்ள ஆசாரியன் ஒருவன் எழும்பும்வரை பரிசுத்த பங்கைச் சாப்பிடக் கூடாது என்று ஆளுநர் உத்தரவு. ஊழியம் போனால் சோறும் போயிற்று. நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்தவர்களுக்கு ஒரு தாளில் பெயர் இல்லாத குற்றம்.

இந்தக் கோஸ் வீட்டாரைப் பின்தொடர்ந்து போகலாம். நெகேமியா 3-இல் எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டினவர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் மீன்வாசலை அடுத்து ஒரு பங்கைப் பழுது பார்த்தவன், ‘கோசின் மகனாகிய உரியாவின் மகன் மெரெமோத்’. தன் பங்கை முடித்து, பிரதான ஆசாரியனாகிய எலியாசிபின் வீட்டு வாசற்படி தொடங்கி அவன் வீட்டின் கடைசிவரை இரண்டாவது பங்கும் கட்டுகிறான். எஸ்றா 8-இல் பாபிலோனிலிருந்து 650 தாலந்து வெள்ளியும் 100 தாலந்து பொன்னும் வந்து சேருகின்றன. நான்காம் நாள் ஆலயத்தில் அதை நிறுத்து வாங்குகிற கை, ‘உரியாவின் மகனாகிய மெரெமோத் என்னும் ஆசாரியன்’. ஒரே ஆள் என்றே நினைக்கிறேன். இதோடும் நிற்கவில்லை. 1 நாளாகமம் 24-இல் தாவீது ஆசாரியரை 24 வகுப்பாகப் பிரித்துச் சீட்டுப் போடுகிறார். ஏழாவது சீட்டு யாருக்கு விழுகிறது? கோசுக்கு. ஒரு தலைமுறையில் அட்டவணையில் பெயர் இல்லாமல் வெளியே நின்ற குடும்பம், இன்னொரு பட்டியலில் தாவீது காலத்திலிருந்தே உரிமையுள்ள குடும்பமாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் எத்தனை பேர் எத்தனை வாசலில் நின்றார்கள், எந்தப் பழைய ஏடு கிடைத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பட்டியல் கல்வெட்டு மாதிரித் தெரிந்தாலும், உள்ளே ஆட்கள் முண்டியடித்து இடம் பிடித்திருக்கிறார்கள்.

கடைசியாகச் செராகு. யாக்கோபின் மகன் ஆசேரின் மகள். அவளைப் பற்றி வேதத்தில் ஒரு வினைச்சொல்கூடக் கிடையாது. அவள் எதுவும் செய்யவில்லை, எதுவும் பேசவில்லை. பெயர் மட்டும் மூன்று இடத்தில். யாக்கோபோடு எகிப்துக்குப் போனவர்களின் பட்டியலில், ஆதியாகமம் 46. எகிப்தை விட்டு வந்து கானானுக்குள் நுழையுமுன் எடுத்த கணக்கில், எண்ணாகமம் 26. பிறகு நாளாகமத்தில். முதல் இரண்டுக்கும் நடுவில் அடிமைத்தனத்தின் அத்தனை வருஷங்களும் கிடக்கின்றன. பழைய யூத ஆசிரியர்கள் அந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். போகும்போது இருந்தவள் வரும்போதும் இருக்கிறாள். அப்படியானால் அவள் சாகவே இல்லை.

அதிலிருந்து கதை கதையாக வளர்ந்தது. யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று தாத்தா யாக்கோபுக்குச் சொன்னவள் செராகு. யோசேப்பின் சவப்பெட்டி நைல் நதியில் எந்த இடத்தில் கிடக்கிறது என்று மோசேக்குக் காட்டினவள் செராகு, ஏனென்றால் அந்தத் தலைமுறையில் மிஞ்சினவள் அவள்தான். தாவீதின் படைத்தலைவன் யோவாப் முற்றுகை போட்ட ஆபேல் பட்டணத்தை மதில்மேல் நின்று பேசிக் காப்பாற்றின புத்தியுள்ள ஸ்திரீயும் அவள்தான். ஈரானின் இஸ்பகான் யூதர்கள் தங்கள் நகரத்துக்குத் தென்மேற்கே பீர் பக்ரானில் அவள் பெயரால் ஒரு தலத்தைக் காட்டி அங்கே யாத்திரை போனார்கள்.

இந்தக் கதைகளில் ஒன்று ரபி யோகனானின் பாடசாலையில் நடக்கிறது. சிவந்த சமுத்திரம் பிளந்தபோது தண்ணீர் இரண்டு பக்கமும் மதிலாக நின்றது என்கிறதே, அந்த மதில் எப்படி இருந்திருக்கும் என்று அவர் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கம்பிப் பலகணி மாதிரி இருந்தது என்றார். வெளியிலிருந்து ஒரு கிழவி உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்படி இல்லை, வெளிச்சம் வருகிற ஜன்னல்கள் மாதிரி இருந்தது என்றாள் செராகு. நான் அங்கே இருந்தேன்.